முடிச்சு எந்தப் பக்கம்?

அத்தியாயம் 14

சென்ற வாரம் சின்னவளை அவளுடைய வேனுக்கு அடியில் மல்லாக்கப் படுக்கவைத்துவிட்டு நான் பாட்டுக்குக் கிளம்பிப் போய்விட்டேன் என்று சிலர் கோபித்துக்கொண்டிருக்கிறீர்கள். நியாயமான கோபம்தான். அவளை எழுப்பிவிட்டேன். கியர்பாக்ஸையும் இறக்கியாயிற்று. இப்போது ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி. கியர்பாக்ஸ் இருப்பது பெரியவள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில்.

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்காக நாலு வார்த்தை.

சின்னவள் புருஷனோடு கோபித்துக்கொண்டு அக்கா வீட்டுக்கு வந்து மூன்று வாரமாகிறது. வரும்போது இரண்டு பையும் ஒரு வேனும் கொண்டுவந்தாள். வேன் அவளுடையது. வாரத்தில் மூன்று நாள் விடியற்காலையில் இரண்டு பேரை டயாலிசிஸுக்கு ஆஸ்பத்திரி அழைத்துப் போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுவது அவள் வேலை. ஒருவர் டீச்சரம்மா, இன்னொருவர் பெட்டிக்கடைக்காரர். பத்து நாளாக வேனில் மூன்றாவது கியர் நிற்பதில்லை. போட்டால் கொஞ்ச தூரம் ஓடி, தானாகக் கழன்றுகொள்கிறது. வெள்ளிக்கிழமை நடுரோட்டில் அது கழன்று, வேன் திணறி நின்று, டீச்சரம்மா அரை மணி தாமதமாகப் போய்ச் சேர்ந்தார். ஆஸ்பத்திரி மேற்பார்வையாளர் கறாராகச் சொல்லிவிட்டார்: "திங்கக்கிழமை காலையில வண்டி சரியா வரலைன்னா வேற ஆளைப் பாத்துக்கறோம்."

வேன் ஓடுகிறவரை அவள் சொந்தக் காலில் நிற்கிறவள். வேன் நின்றுவிட்டால் அக்கா வீட்டு ஹாலில் படுத்துக்கிடக்கும் தங்கை. அவ்வளவுதான் கணக்கு.

இந்த ரகக் கியர்பாக்ஸைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்து மாட்டக்கூடியவன் ஒருவன் இருக்கிறான். நாலு தெரு தள்ளி வொர்க்‌ஷாப் வைத்திருக்கிறான். அவன்தான் அவள் புருஷன். அங்கேதான் இடிக்கிறது.

"அவரு வாசல்ல போய் நிக்கறதுக்குப் பதிலா ரெண்டு பேரையும் தோள்ல தூக்கிக்கிட்டுப் போயிடுவேன்" என்று சின்னவள் சொல்லிவிட்டாள். டீச்சரம்மா கொஞ்சம் கனமானவர் என்பதை அவள் யோசிக்கவில்லை.

அத்தான்தான் கை கொடுத்தார். பெரியவளின் கணவர், லிஃப்ட் மெக்கானிக். "பதினெட்டு மாடி லிஃப்ட்டையே கழட்டி மாட்டறவன் நான். இது என்ன, கையளவு பெட்டி" என்றார். அந்தக் கையளவு பெட்டியை இறக்கச் சங்கிலிக் கப்பியும் மூன்று பேரும் சனிக்கிழமை முழுவதும் தேவைப்பட்டார்கள் என்பது வேறு விஷயம்.

மேஜைமேல் செய்தித்தாளை நாலு மடிப்பாக விரித்திருந்தார்கள். பெட்டியைப் பிளந்து உள்ளிருந்து எடுத்த ஷாஃப்ட் அதன்மேல் கிடந்தது. ஒரு முழ நீள இரும்புத் தண்டு. அதில் கியர்கள் ஒன்றையடுத்து ஒன்றாக நெருக்கிக் கோத்துக் கிடந்தன. கெட்டுப்போன மூன்றாவது கியர் அந்த வரிசையில் உள்ளே தள்ளி இருந்தது. அதை எடுக்க மேலே இருப்பதையெல்லாம் கழற்ற வேண்டும்.

அத்தான் ஒரு காதில் இயர்போனைச் செருகிக்கொண்டிருந்தார். "ம்... ம்... சரி. முதல்ல லாக். ம்."

"யாரோட பேசறீங்க?" என்றாள் பெரியவள்.

"பேசலைம்மா. வீடியோ. எப்படிக் கழட்டறதுன்னு ஒருத்தன் சொல்லிக்கிட்டு வர்றான்."

"வீடியோவுக்கு யாராவது 'ம்' கொட்டுவாங்களா?"

"கவனமாக் கேட்டா தானா வரும்."

ஷாஃப்ட்டின் தலையில் ஒரு பள்ளம். அதில் மெல்லிய எஃகு வளையம் ஒன்று உட்கார்ந்து மற்றதெல்லாம் கழன்று வராமல் பிடித்துக்கொண்டிருந்தது. அதுதான் லாக். அத்தான் அதன் இரண்டு முனையையும் பிளையரால் விரித்தார். அது டிங்கென்று துள்ளி, சுவரில் பட்டு, எங்கேயோ போயிற்று.

மூன்று பேரும் தரையில் தவழ்ந்தார்கள். கடைசியில் பெரியவள் எழுந்து போய், குண்டூசி பொறுக்கும் காந்தத்தை எடுத்து வந்து தையல் மெஷின் அடியில் ஒரு தடவு தடவினாள். பதினோரு குண்டூசியும் லாக்கும் வந்தன. அவள் தையல்காரி. முன்னறையில் இரண்டு மெஷின், சுவரில் நூல்கண்டு அடுக்கிய பலகை. கீழே விழுந்ததைத் தேடிப் பிடிப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை.

அடுத்தது ஹப். இரண்டு கியருக்கு நடுவே உட்கார்ந்து இரண்டையும் மாற்றி மாற்றிப் பிடிக்கிற கனமான இரும்பு. ஷாஃப்ட்டோடு இறுகிப் போயிருந்தது. கையால் அசைக்கக்கூட முடியவில்லை.

"இழுத்துக் கழட்டப் புல்லர் வேணும்" என்றார் அத்தான்.

அக்காவும் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வீட்டில் புல்லர் இருந்தது. கட்டிலுக்கு அடியில், அப்பாவின் பெட்டியில்.

அப்பாவைப் பற்றி இந்தக் கதையில் இதுவரை இரண்டே முறைதான் சொல்லியிருக்கிறேன். பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில் டயர் மாற்றிக்கொண்டு வருகிறேன் என்று தன் வேனை எடுத்துக்கொண்டு போனவர். டயரும் வரவில்லை, வேனும் வரவில்லை, அவரும் வரவில்லை. தேடாத இடமில்லை. சின்னவள் தனக்கு வண்டி வாங்கும்போது அப்பா வைத்திருந்த அதே ரகம்தான் வேண்டுமென்று அடம்பிடித்து வாங்கினாள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

பெட்டியிலிருந்து பெரியவள் எடுத்து வந்தது மூன்று கால் நண்டு மாதிரி ஒரு சாமான். கைப்பிடியில் அப்பாவின் அடையாளம் இருந்தது: கிரைண்டரில் தொட்டு எடுத்த இரண்டு வெட்டு, நடுவே கொஞ்சம் கீழே ஒரு குழி. ஸ்பேனர், டிபன் பாக்ஸ், குடைக் காம்பு, எதையும் அவர் விட்டதில்லை. பெண்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது அதை 'ரெண்டு கண்ணு ஒரு மூக்கு' என்பார்கள். வாய் எங்கேப்பா என்று கேட்டால், "வாய் வெச்சா யார் திருடினாங்கன்னு சொல்லிடும். அப்புறம் சண்டை" என்று சிரிப்பார்.

சின்னவள் அந்த வெட்டைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவிவிட்டுப் புல்லரை நீட்டினாள்.

புல்லரின் மூன்று காலும் ஹப்பைப் பின்னாலிருந்து கவ்விக்கொள்ள, நடுத்திருகு ஷாஃப்ட்டின் தலையில் முட்டிக்கொண்டு நின்றது. அத்தான் திருகினார். வரவில்லை. ஸ்பேனரில் ஒரு குழாயைச் செருகி நீட்டிக்கொண்டு மறுபடி திருகினார். மேஜை நகர்ந்தது. சின்னவள் மேஜையைப் பிடித்துக்கொண்டாள், பெரியவள் சின்னவளைப் பிடித்துக்கொண்டாள்.

டொக்!

மூன்று பேருக்கும் தூக்கிவாரிப்போட்டது. உடைந்துவிட்டதென்றே சின்னவள் நினைத்தாள். உடையவில்லை, ஹப் அரை அங்குலம் மேலே வந்திருந்தது. அதற்குப் பிறகு எல்லாமே சாதுவாக வந்தன. ஹப், ஒரு பித்தளை வளையம், மூன்றாவது கியர், இரண்டாவது கியர், இன்னொரு பித்தளை வளையம்.

"போதும், அதுக்குக் கீழ இருக்கறதைத் தொட வேணாமாம்" என்றார் அத்தான்.

"வேணாமாமா? யாரு சொன்னாங்க?"

"வீடியோல."

பெரியவளுக்கு வேறொரு கவலை. "இப்படிக் கழட்டிக் கழட்டிக் குவிச்சா எது முன்ன எது பின்னன்னு எப்படித் தெரியும்? வெட்டின துணியை நான் இப்படியா போடறேன்?" என்று, ஒவ்வொன்றும் வந்த கையோடு அதன் ஓட்டைக்குள் நூலை விட்டு வளைத்துக் கட்டினாள். வெள்ளை, மஞ்சள், பச்சை, நீலம், கறுப்பு. அவள் பலகையில் நூல்கண்டு இருக்கிற அதே வரிசை.

"எந்தப் பக்கம் எதைப் பாத்து வரணும்னும் தெரியணுமே" என்றார் அத்தான்.

"முடிச்சைப் பாத்தாலே தெரியும்ல?"

"அதெல்லாம் தெரியும், தெரியும்."

இந்த இரண்டு வரியையும் கொஞ்சம் நினைவில் வைத்திருங்கள்.

மூன்றாவது கியரை அத்தான் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். எண்ணெய் கருகிப் பிசுபிசுத்த கருப்பு. ஹப்போடு கோத்துப் பிடிக்க வேண்டிய ஓரத்துச் சின்னப் பற்களெல்லாம் மழுங்கி உருண்டுபோயிருந்தன. "பிடிமானமே இல்ல. அதான் கழண்டுக்குது" என்றார். சனிக்கிழமையே வாங்கிவைத்த புதுக் கியரை அதன் பக்கத்தில் வைத்து, பெரியவள் பச்சை நூலை அதே பக்கம் முடிச்சு வருகிறமாதிரி மாற்றிக் கட்டினாள். பழையதைச் செய்தித்தாளில் சுற்றி மேஜை ஓரத்தில் ஒதுக்கினாள். தூக்கிப் போடுகிற பொருள்தானே, அதை யார் கழுவப்போகிறார்கள்?

அந்த நேரம் பார்த்து அத்தானின் போன் சார்ஜ் தீர்ந்து அணைந்தது. ஒரு வீடியோ நின்றதற்கு ஒரு மனுஷர் இவ்வளவு வெளிறிப்போக வேண்டியதில்லை.

"மீதியெல்லாம் மனசுல இருக்கு" என்றார், யாரும் கேட்காமலே.

கழுவுகிற வேலை சின்னவளுக்கு வந்தது. பின்கட்டுக் குழாயடியில் ஒரு தகர டப்பாவில் மண்ணெண்ணெயும், பழைய பல் துலக்கும் பிரஷுமாக உட்கார்ந்தாள். வெயில் சுள்ளென்று முதுகில் விழுந்தது. முதலில் வெள்ளை நூல் கட்டிய ஹப். கருப்பு கரைந்து, கரைந்து, அடியில் வெள்ளி நிறம் தெரிய ஆரம்பித்தது. அதன் நடுவே ஒரு புள்ளி. சிவப்பு.

துரு என்று நினைத்துத் தேய்த்தாள். போகவில்லை. தண்ணீரில் அலசித் துடைத்துப் பார்த்தாள்.

சிவப்பு இல்லை. மெரூன். வெயிலில் சாய்த்தால் உள்ளே பொன் துகள் மினுங்கியது.

பித்தளை வளையத்தை எடுத்தாள். இரண்டு புள்ளி. நீல நூல் கட்டிய இரண்டாவது கியரில் நாலு. கடைசி வளையத்தில் ஐந்து. மூன்று எங்கே? மூன்றாவது இடத்தில் இருந்தது அந்தப் பழைய மூன்றாவது கியர். அது உள்ளே, செய்தித்தாளில்.

சின்னவள் பிரஷைக் கீழே வைத்தாள்.

அது அவளுடைய நகப்பூச்சு. இரண்டு மாதத்துக்கு முன்னால் காணாமல்போன பாட்டில். அந்தச் சமயத்தில்தான் அவள் புருஷன் தினமும் நேரம் கழித்து வர ஆரம்பித்தான். கேட்டால் வேலை என்றான். ஒரு நாள் துவைக்கப் போட்ட அவன் சட்டைப் பையில் மெரூன் கறை. "இது யாரோட நகத்துல இருந்து வந்துச்சு?" என்று கேட்டாள். அவன் அவளைப் பார்த்தான், சட்டையைப் பார்த்தான், "ஒண்ணுமில்ல, விடு" என்றான். அந்த 'விடு'வில்தான் எல்லாம் ஆரம்பித்தது. அதற்குப் பிறகு அவள் விடவும் இல்லை, கேட்கவும் இல்லை. ஒரு மாதத்துக்கு மேல் முகம் கொடுத்துப் பேசாமலிருந்து, கடைசியில் இரண்டு பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

ஆக, நகம் யாருடையதும் இல்லை. கியர். அவளுடைய வேனின் கியர்.

அப்படியென்றால் அவன் இந்தப் பெட்டியைத் திறந்திருக்கிறான். அவளுக்குத் தெரியாமல். எண்ணெய் மாற்ற வேண்டுமென்று வேனை இரண்டு நாள் வொர்க்‌ஷாப்பில் வாங்கி வைத்துக்கொண்டானே, அப்போதா? எதற்குத் திறந்தான்? திறந்தவன் ஏன் சொல்லவில்லை?

இன்னொன்று அவளைக் குடைந்தது. கழற்றும்போது புள்ளி வைத்திருக்கிறான். எல்லாவற்றிலும் புள்ளி இருக்கிறது. எழுந்து உள்ளே போய், செய்தித்தாளைக் கொஞ்சம் விலக்கி, பழைய கியரின் மேல்பக்கத்தை மட்டும் துடைத்துப் பார்த்தாள். புள்ளி இல்லை. அப்படியானால் அது கழற்றியது இல்லை, புதிதாகப் போட்டது. அவனாக எங்கிருந்தோ கொண்டுவந்து போட்டது. அவன் போட்டதுதான் மழுங்கிப்போய் அவளை நடுரோட்டில் நிறுத்தியிருக்கிறது.

சரிபண்ணத் திறந்தானா, கெடுக்கத் திறந்தானா? அவள் ஒரு நாள் போகத்தான் போகிறாள் என்று முன்னாலேயே தெரிந்து, போனாலும் தன்னிடமே திரும்பி வரட்டும் என்று...

சே, அப்படிப்பட்ட ஆள் இல்லை. இல்லையா? மூன்று வாரமாக அவனை எப்படிப்பட்ட ஆளாகவெல்லாமோ நினைத்தாயிற்று. இப்போது எதை எடுப்பது, எதை விடுவது என்று அவளுக்கே தெரியவில்லை. அழுகை வருகிறமாதிரி இருந்தது. எதற்காக என்று தெரியாததால் அழவில்லை.

"என்னடி, கழுவறியா குளிப்பாட்டறியா?" உள்ளிருந்து அக்காவின் குரல்.

சின்னவள் எதையும் சொல்லாமல் தட்டோடு உள்ளே வந்தாள்.

உள்ளே அத்தான் ஒரு வழி பண்ணிக்கொண்டிருந்தார். இரும்பு சூடானால் விரியும், குளிர்ந்தால் சுருங்கும். அதனால் ஷாஃப்ட்டை ஃப்ரீசரில் குறுக்காகச் செருகியிருந்தார். அதற்காக வெளியே எடுத்த பால் பாக்கெட்டும் பட்டாணியும் தையல் மெஷின்மேல் உருகிக்கொண்டிருந்தன. கேக் அடுப்பைச் சூடாக்கி, ஹப்பின் நூலை அறுத்து, முடிச்சு இருந்த பக்கம் மேலே வருகிறமாதிரி தட்டில் வைத்து உள்ளே தள்ளினார்.

"எத்தனை நேரம்?" என்றாள் பெரியவள்.

"கேக்குக்கு எத்தனை நேரம்?"

"முப்பத்தஞ்சு நிமிஷம்."

"அதே வெச்சுக்கோ."

முப்பத்தைந்து நிமிஷம் கழித்து ஷாஃப்ட் பனி பூத்து வெளியே வந்தது. அத்தான் நூல் வரிசையைத் தலைகீழாகப் பிடித்தார். கறுப்பு, நீலம், பச்சை, மஞ்சள். நூலை அறுப்பார், முடிச்சு மேலே இருக்கிறதா என்று பார்ப்பார், இறக்குவார். சின்னவள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றாக இறங்க இறங்க, புள்ளிகள் அடிப்பக்கமாகப் போய் மறைந்தன. முடிச்சு ஒரு பக்கம் இருந்தால் புள்ளி மறுபக்கம்.

வாய் வரை வந்தது. சொன்னால் அது யார் வைத்த புள்ளி என்று சொல்ல வேண்டும். முழுங்கிவிட்டாள்.

"இந்த வளையம் எதுலயும் உக்காரலையே, ஆடுதே" என்றாள் பெரியவள்.

"எண்ணெய் விட்டா உக்காந்துடும்."

கடைசியாக ஹப். அத்தான் அதைத் தடித்த துணியால் பிடித்து, ஷாஃப்ட்டின் தலையில் வைத்து, ஒரு அழுத்து அழுத்தினார். வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி இறங்கி உட்கார்ந்தது. அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பதினெட்டு மாடியும் ஏறி இறங்கின பெருமை.

"லாக்கை எடு."

லாக் வந்தது. அதை மாட்டுகிற பள்ளம்தான் இல்லை. பாதிப் பள்ளத்தை ஹப் மூடிக்கொண்டிருந்தது. அழுத்திப் பார்த்தார், தட்டிப் பார்த்தார். அதற்குள் ஹப் ஆறிப்போய் ஷாஃப்ட்டைக் கவ்விக்கொண்டுவிட்டது. கியரைச் சுற்றிப் பார்த்தார். சுற்றவும் இல்லை.

மணி பன்னிரண்டே முக்கால்.

"கழட்டும்போது இருந்த பள்ளம் எங்க போச்சு?" என்று அத்தான் திருதிருவென விழித்தார். "புதுக் கியர் தடிமனா?"

"பக்கத்துல வெச்சுத்தானே பாத்தோம்? ரெண்டும் ஒண்ணுதான். நீங்கதான் எதையோ மாத்திப் போட்டிருக்கீங்க."

"நானா? உன் முடிச்சைப் பாத்துத்தானே போட்டேன்! ஒவ்வொண்ணும் முடிச்சு மேல!"

பெரியவள் அவர் பக்கம் திரும்பினாள். "மேலயா? ஏங்க மேல போட்டீங்க?"

"பின்ன?"

"முடிச்சு எங்கங்க வெளிய வரும்? எந்தத் துணியிலயாவது முடிச்சு வெளிய தெரியுமா? உங்க சட்டையைத் திருப்பிப் பாருங்க. உள்பக்கம்தானே இருக்கு? உள்ள பாத்து வர்ற பக்கத்துலதான் கட்டினேன்."

"லிஃப்ட்ல நாங்க அடையாள அட்டை கட்டினா ஆளைப் பாத்துத்தான் கட்டுவோம். உள்ள கட்டினா யாருக்குத் தெரியும்?"

"அப்ப கேக்கறதுதானே?"

"இதுல கேக்க என்ன இருக்கு? நீ சொல்றதுதானே?"

"இதுல சொல்ல என்ன இருக்கு?"

இருபத்திரண்டு வருஷம் ஒரே கூரைக்கு அடியில் இருந்தவர்கள். ஒருத்தர் முடிச்சு இன்னொருத்தருக்கு எந்தப் பக்கம் என்று இன்றைக்குத்தான் தெரிந்திருக்கிறது. அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. கத்தலில் பெரியவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. "பச்சை மட்டும் மாத்திக் கட்டும்போது... எந்தப் பக்கம் கட்டினேன்? முதல்ல கட்டினப்ப நீங்க குழாயை இழுத்தீங்க, நான் இவளைப் பிடிச்சுக்கிட்டு இருந்தேன்... அய்யோ, வெள்ளை முடிச்சை நான் உள்ளயா போட்டேன், வெளியவா?"

"எல்லாத்தையும் திருப்பிப் போடறதா, சிலதை மட்டுமா?" என்று அத்தான் தலையைப் பிடித்துக்கொண்டார். "நூலையும் அறுத்தாச்சு. தலையும் புரியல, காலும் புரியல. சின்னவளே, மன்னிச்சுக்கம்மா. சகலையைக் கூப்பிடறதைத் தவிர..."

"வேணாம்" என்றாள் சின்னவள்.

இரண்டு பேரும் அவளைப் பார்த்தார்கள்.

"புள்ளி இருக்கு. ஒவ்வொண்ணுலயும். கழுவும்போது பாத்தேன்." அவள் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "புள்ளி மேல வரணும். ஒண்ணுதான் கடைசி, மேல. அதுக்குக் கீழ ரெண்டு. அப்படியே."

"என்ன புள்ளி? யாரு வெச்சது?"

"அவருதான். என் நகப்பூச்சுல."

பெரியவள் வாயைப் பொத்திக்கொண்டாள். சட்டைப் பை கதை அவளுக்குத் தெரியும். ராத்திரி முழுக்க விடிய விடியக் கேட்டு, அந்த முகம் தெரியாத நகத்துக்காரியைத் தங்கையை விட அதிகமாகத் திட்டியவள் அவள்தான்.

"அது மேல பாத்துத்தான் வரணும்னு எப்படிச் சொல்றே?" என்றார் அத்தான் மெதுவாக.

சின்னவள் கொஞ்சம் யோசித்தாள். "அவரு எதுல எழுதினாலும் தன்னைப் பாத்து இருக்கற பக்கத்துலதான் எழுதுவாரு. காலண்டர்ல, கதவுல, என் கையில. திருப்பி வெச்சு எழுதற ஆள் கிடையாது."

ஒன்பது வருஷம் பக்கத்திலிருந்து பார்த்தது. கோபத்தில் எதையெல்லாமோ மறந்தாலும் இது மறக்கவில்லை. அது அவளுக்கு எரிச்சலாகவும் இருந்தது, என்னவோ ஆறுதலாகவும் இருந்தது.

மறுபடி புல்லர். மறுபடி குழாய். மறுபடி டொக். பட்டாணி மறுபடி வெளியே, ஷாஃப்ட் மறுபடி உள்ளே. இந்த முறை சின்னவளே இறக்கினாள். ஐந்து புள்ளி மேலே. நாலு புள்ளி மேலே. பித்தளை வளையம் ஆடாமல் போய் உட்கார்ந்தது. புதுக் கியரில் புள்ளி இல்லை. அதன் சின்னப் பற்கள் ஹப்பைப் பார்த்தே இருக்க வேண்டும் என்பது இப்போது கண்ணுக்கே தெரிந்தது. இரண்டு. கடைசியில், துணிக்கு மேலும் சுடுகிற ஹப், ஒரு புள்ளி மேலே.

பள்ளம் முழுசாகத் தெரிந்தது. லாக் கிளிக்கென்று அதில் விழுந்தது. கியர் விரல் பட்டாலே சுற்றியது.

அத்தான் பிளையரை மேஜைமேல் வைத்தார். பெரியவள், "நகப்பூச்சு நல்ல பூச்சுதான்டி" என்றாள். அதற்குச் சிரிப்பதா வேண்டாமா என்று மூன்று பேருக்கும் தெரியவில்லை.

பெட்டியை மூடி, சங்கிலிக் கப்பியில் ஏற்றி, எண்ணெய் ஊற்றி முடிக்கும்போது மாலை ஐந்தரை. சின்னவள் வேனை எடுத்தாள். முதல் கியர், இரண்டாவது. தெரு முனையைத் தாண்டி நீள ரோட்டில் வந்ததும் மூன்றாவதைப் போட்டாள். கையைக் கியர்க் கம்பியிலிருந்து எடுக்கவில்லை. பத்து நாள் பழக்கம், அழுத்திப் பிடித்துக்கொண்டே ஓட்டுவாள். பெட்ரோல் பங்க் வந்தது. பள்ளிக்கூடம் போயிற்று. மெதுவாக ஒரு விரலை எடுத்தாள். இன்னொன்றை எடுத்தாள். கையை முழுசாக எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கியர் கழலவில்லை.

நின்றது.

வண்டியை ஓரமாக நிறுத்தி டீச்சரம்மாவுக்குப் போன் செய்தாள். "நாளைக்கு அஞ்சே முக்காலுக்கு வாசல்ல இருப்பேன், டீச்சர்."

"கியர் நிக்குதா?"

"நிக்குது."

"யாரு சரி பண்ணாங்க?"

சின்னவள் கியர்க் கம்பியை ஒருமுறை தொட்டுப் பார்த்தாள். "வீட்டுலதான், டீச்சர்" என்றாள்.

வீடு திரும்பியபோது அத்தான் குளித்துக்கொண்டிருந்தார். தண்ணீர்ச் சத்தத்தை மீறி ஏதோ பாட்டு. பெரியவள் சமையலறையில் பட்டாணியின் கதியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேஜை ஓரத்தில் சார்ஜ் போட்டிருந்த அத்தானின் போன் அடித்தது. சின்னவள் எட்டிப் பார்த்தாள். திரையில் பெயர் வந்தது.

'வீடியோ.'

வீடியோ எங்கேயாவது போன் பண்ணுமா?

எடுத்துக் காதில் வைத்தாள். பேசவில்லை.

"சகலை, என்ன ஆச்சு? பாதியில கட்டாயிடுச்சு, நாள் பூரா கூப்பிடறேன். மூணாவது நிக்குதா?"

அவன் குரல். மூன்று வாரத்துக்குப் பிறகு. வைத்துவிடலாமா என்று தோன்றியது. தொண்டையைக் கனைத்து, அத்தான் மாதிரி அடிக்குரலில், "ம்" என்றாள்.

"அப்பாடா." அவன் மூச்சு விட்டது கேட்டது. "முதல்ல வண்டியோட வந்த கியர்ல விரிசல், சகலை. எப்ப வேணா பிளந்து ரோட்டுல கவுத்திருக்கும். சொன்னா பயந்து ஓட்டறதையே விட்டுடுவாளேன்னுதான் அப்ப சொல்லாம மாத்தினேன். புதுசு அப்ப கிடைக்கல. கைக்குக் கிடைச்சதைப் போட்டேன். அது இவ்வளவு சீக்கிரம் தேயும்னு நினைக்கல."

"ம்."

"நான் புள்ளி வெச்சதைப் பாத்திருப்பா. பாக்கட்டும். திட்டுவா, அவ்வளவுதானே. ஆனா இன்னைக்குக் கழட்டினீங்களே அந்தக் கியர், அதை மட்டும் அவ கையில கிடைக்காம எடுத்து வெச்சுடுங்க. நான் வந்து வாங்கிக்கறேன். அக்காவும் பாக்கக் கூடாது. ஏன்னு இப்பக் கேக்காதீங்க."

செய்தித்தாள் பொட்டலம் அவள் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு பிரித்தாள். காலையில் துடைத்த பக்கத்தில் ஒன்றுமில்லை. திருப்பினாள். கருப்புப் பிசுக்கு அப்பிக் கிடந்தது. முந்தானையால் அழுத்தித் துடைத்தாள்.

கிரைண்டரில் தொட்டு எடுத்த ஒரு வெட்டு. பக்கத்தில் இன்னொரு வெட்டு. நடுவே, கொஞ்சம் கீழே, ஒரு குழி.

ரெண்டு கண்ணு. ஒரு மூக்கு.

"சகலை? இருக்கீங்களா?"

குளியலறையில் தண்ணீர் நின்றது. "யாருடி போன்ல?" என்று சமையலறையிலிருந்து பெரியவள் கேட்டாள்.

சின்னவள் கியரை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள். அத்தான் குரல் இனி வராது.

"எங்க அப்பா எங்க?" என்றாள்.